மூல நோய் மருத்துவத்தின் வரலாறு

மூல நோய் என்பது ஆசனவாய்க் குழாயின் உட்புறத்தில் இயல்பாகவே அமைந்துள்ள குருதி நாளத் திசுக்கள் வீங்கி, இடம்பெயர்ந்து, குருதிக்கசிவு, அரிப்பு, பிதுக்கம், வலி முதலியவற்றை உண்டாக்கும் நிலையாகும். உயிருக்கு ஆபத்து விளைவிப்பது அரிது. ஆனால் மருத்துவ நூல்கள் எழுதப்படத் தொடங்கிய காலந்தொட்டே மனிதனை அலைக்கழித்த நோய்களுள் இதுவும் ஒன்று. சுடுவதா, அறுப்பதா, உணவால் ஆற்றுவதா என்று மூவாயிரம் ஆண்டுகளாக மருத்துவர்கள் வாதிட்டனர். நோயாளிகளோ வெட்கத்தால் வாய் திறக்காமல் இருந்து, பல வேளைகளில் போலி மருத்துவர்களிடம் போய்ச் சேர்ந்தனர். இந்த இரண்டும் சேர்ந்ததே இந்நோயின் வரலாறு.

பெயர்கள்

தமிழில் மூலம் என்றால் வேர், அடி. உடலின் அடிப்பகுதியாகிய மூலாதாரத்தில் தோன்றுவதால் இப்பெயர் வந்தது. வடமொழி மருத்துவ நூல்கள் இதனை அர்சஸ் என்கின்றன. பகைவனைப் போல வதைப்பது என்று அதற்குப் பொருள் கூறுவர். ஹெமராய்ட்ஸ் என்ற சொல், குருதி ஒழுகுதலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. பைல்ஸ் என்பது உருண்டையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லின் வழிவந்தது. தமிழர் இடத்தையும், வடநூலார் வேதனையையும், கிரேக்கர் குருதியையும், உரோமர் வடிவத்தையும் கண்டு பெயர் வைத்திருக்கின்றனர்.

எகிப்தும் கிரேக்கமும்

பண்டை எகிப்தில் மருத்துவர்களுக்கு வழங்கப்பட்ட பட்டங்களுள் ஒன்று இன்று கேட்டால் சிரிப்பை வரவழைக்கும். ‘ஆசனவாயின் மேய்ப்பர்’ என்பது அதன் நேர்ப்பொருள். அரண்மனை மருத்துவராயிருந்த இரெனாக்தி என்பவரின் கல்வெட்டில் கண் மருத்துவர், வயிற்று மருத்துவர் என்ற பட்டங்களுக்குப் பக்கத்திலேயே இதுவும் பெருமையாகப் பொறிக்கப்பட்டுள்ளது. கி.மு. 1200 அளவைச் சேர்ந்த செஸ்டர் பீட்டி மருத்துவப் பாப்பிரசுச் சுருள், ஏறக்குறைய முழுவதும் மலக்குடல் நோய்களுக்கான மருந்துகளைப் பற்றியது. அது இப்போது இலண்டன் பிரித்தானிய அருங்காட்சியகத்தில் உள்ளது. இவ்வளவு பழங்காலத்தில் இந்நோய்களுக்கெனத் தனி நூலும் தனி மருத்துவரும் இருந்திருக்கின்றனர் என்றால், அன்று இந்நோயைச் சொல்ல மக்கள் இன்றைய அளவுக்கு நாணவில்லை என்றே கொள்ளலாம்.

விவிலியத்தின் பழைய ஏற்பாட்டில், உடன்படிக்கைப் பெட்டியைக் கவர்ந்து சென்ற பெலிஸ்தியர் மூலவியாதியால் வாதிக்கப்பட்டதாகச் சாமுவேலின் முதல் நூல் கூறுகிறது. அவர்கள் குற்றநிவாரணக் காணிக்கையாகப் பொன்னால் செய்த ஐந்து மூலவியாதி உருவங்களையும் ஐந்து எலி உருவங்களையும் அனுப்பினர். எலிகள் குறிப்பிடப்படுவதால் அது மூல நோய் அன்று, பிளேக் நோயின் நெறிக்கட்டிகளே என்று கருதும் அறிஞர் பலர் உள்ளனர்.

கி.மு. 400 அளவில் எழுதப்பட்ட இப்போகிரட்டீசு மரபு நூல்களில் மூல நோய்க்கென்றே ஒரு சிறு நூல் உண்டு. பித்தமோ கபமோ மலக்குடல் நாளங்களில் தங்கிக் குருதியைச் சூடாக்குவதே நோயின் காரணம் என்று அது கருதியது. மருத்துவமுறையோ கேட்பவரை நடுங்க வைக்கும். ஒரு சாண் நீளமுள்ள இரும்புக் கோல்கள் ஏழு எட்டைக் காய்ச்சி வைத்துக்கொள்ள வேண்டும். நோயாளியை மல்லாக்கக் கிடத்தி, தலையையும் கைகளையும் பிறர் பிடித்துக்கொள்ள, ஒவ்வொரு முளையையும் சுட்டுப் பொசுக்க வேண்டும். நோயாளி கத்தினால் தடுக்க வேண்டா என்கிறது அந்நூல். இரக்கத்தால் அன்று, கத்தும்போது மலக்குடல் இன்னும் நன்றாக வெளியே பிதுங்கும் என்பதால். பின்னர்ப் பருப்பை அரைத்து வேகவைத்து ஐந்தாறு நாள் பற்றுப்போட வேண்டும்.

அதே மரபில் இன்னொரு கருத்தும் இருந்தது. நாள்பட்ட மூலத்தைக் குணப்படுத்தும்போது ஒன்றையாவது விட்டுவைக்க வேண்டும், இல்லையேல் நீர்க்கோவையோ சயமோ வரும் என்பது அது. கெட்ட குருதி வெளியேற உடல் தானே திறந்து வைத்த வாயில் மூலம் என்று அவர்கள் நினைத்தனர். இந்த நம்பிக்கை ஐரோப்பாவில் நெடுங்காலம் நிலைத்தது. குருதி கசிவதை நல்லது என்று எண்ணிச் சோகை பிடிக்கும் வரை சும்மா இருந்தவர்கள் உண்டு.

சுசுருதரும் சரகரும்

இந்திய மருத்துவத்தில் இந்நோயைப் பற்றிய இரண்டு பெருநூல்களின் பார்வையும் ஒன்றல்ல. சுசுருத சங்கிதை அறுவை மருத்துவரின் நூல். அது மூலத்தை வாதம், பித்தம், கபம், குருதி, மூன்று தோடங்களும் கூடியது, பிறவியிலேயே வந்தது என ஆறு வகையாகப் பிரித்து, மருந்து, காரம், நெருப்பு, கத்தி என்று நால்வகைச் சிகிச்சையைக் கூறுகிறது. எதற்கு எது என்ற தெளிவும் அதில் உண்டு. புதிதாகத் தோன்றி, சிறிதளவே தொல்லை தருவதற்கு மருந்து போதும். மென்மையாகப் பரந்து உயர்ந்ததற்குக் காரம். கரடுமுரடாக, தடித்து, கெட்டிப்பட்டதற்குச் சூடு. அடி மெலிந்து உயர்ந்து கசிவதற்குக் கத்தி.

அதற்குப் பயன்பட்ட கருவி அர்சோயந்திரம். இரும்பு, தந்தம், கொம்பு அல்லது மரத்தால், பசுவின் மடிக்காம்பு வடிவில், நான்கு விரல் நீளத்தில் செய்யப்பட்டது. ஆண்களுக்கு ஐந்து விரற்சுற்றளவும் பெண்களுக்கு ஆறு விரற்சுற்றளவும் உடையது. பக்கவாட்டில் உள்ள திறப்பின் வழியே முளையைக் கண்டு காரத்தை வைக்க வேண்டும். நூறு குற்றெழுத்துகளைச் சொல்லும் நேரம் காத்திருக்க வேண்டும். முளை பழுத்த நாவற்பழத்தின் நிறத்தை அடைந்தால் காரம் சரியாகப் பட்டது என்று பொருள். உடனே புளித்த நீர்மங்களால் கழுவிக் காரத்தின் வேகத்தைத் தணிக்க வேண்டும். பல முளைகள் இருந்தால் ஏழு நாள் இடைவெளி விட்டு ஒவ்வொன்றாகவே செய்ய வேண்டும் என்றும், முதலில் வலப்புறம், பின்பு இடப்புறம், அதன்பின் பின்புறம், கடைசியில் முன்புறம் என்றும் வரிசை சொல்லப்படுகிறது. கடிகாரம் இல்லாத காலத்தில் எழுத்தொலியால் நேரத்தையும் பழத்தால் நிறத்தையும் அளந்த இந்த நுட்பம், மாணவர்கள் கவனிக்க வேண்டியது.

சரக சங்கிதை இதற்கு மாறாகப் பேசுகிறது. கத்தியும் காரமும் நெருப்பும் கைதேர்ந்தவர் செய்ய வேண்டியவை என்று ஒப்புக்கொண்டு, தவறினால் வரும் கேடுகளை அது அடுக்குகிறது. ஆண்மைக் குறைவு, குதவீக்கம், கொடிய வலி, மிகுந்த குருதிப்போக்கு, முளை மீண்டும் வளர்தல், குதம் வெளித்தள்ளுதல், சாவு என்று அப்பட்டியல் நீளுகிறது. அதன் பரிந்துரை மோர். வாதமும் கபமும் சார்ந்த மூலத்துக்கு மோரை விஞ்சிய மருந்தில்லை என்கிறது. நிலத்தில் ஊற்றிய மோரே அங்குள்ள புல்லைக் கருக்கிவிடும் என்றால், குடலில் உள்ள முளையை ஏன் கருக்காது என்பது அதன் வாதம். உவமை அழகானது, அறிவியல் ஆகாது. ஆனால் செரிமானத்தையும் மலத்தின் தன்மையையும் சீராக்குவதே அடிப்படைச் சிகிச்சை என்ற சரகரின் நிலைப்பாட்டுக்கு இன்றும் மதிப்புக் குறையவில்லை.

சித்த மருத்துவத்தில்

யூகி வைத்திய சிந்தாமணி மூலத்தை 21 வகையாகப் பிரிக்கிறது. நீர்மூலம், செண்டுமூலம், முளைமூலம், வறள்மூலம், இரத்தமூலம், சீழ்மூலம், பவுத்திரமூலம், புறமூலம், சவ்வுமூலம் என்பன அவற்றுட் சில. இந்தப் பெயர்களைப் பார்த்தாலே ஒன்று விளங்கும். சித்தர் மரபில் மூலம் என்பது ஒரு நோயின் பெயர் மட்டுமன்று, ஆசனவாய்ப் பகுதியில் வரும் பல நோய்களுக்குமான பொதுப்பெயர். இன்றைய மருத்துவத்தில் பவுத்திரம் வேறு நோய். அது குதத்தின் அருகே சீழ்க்கட்டி உடைந்து உண்டாகும் புரை. ஆசனவாய் வெடிப்பும் வேறு. மலம் கழிக்கும்போது கத்தியால் கீறுவது போன்ற வலி பெரும்பாலும் வெடிப்பினால் வருவதே. ஆனால் மக்கள் வழக்கில் இன்றும் மூன்றும் மூலம்தான்.

கருணைக்கிழங்கு, துத்தியிலை, பிரண்டை ஆகியவை மூலத்துக்கு ஏற்றவை என்று தமிழ் வீடுகளில் வழிவழியாகச் சொல்லப்படுகின்றன. கருணைக்கிழங்கு இலேகியம் சித்த மருந்துக் கடைகளில் இன்றும் விற்பனையாகிறது.

காரத்தைக் கொண்டு சிகிச்சை செய்யும் முறை நம் காலத்தில் மறுபிறப்பு எடுத்த கதையும் இங்கே சொல்லத்தக்கது. காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் 1960களில் தொடங்கிய ஆய்வுகள் காரநூல் முறையைச் சீர்ப்படுத்தின. கள்ளிப்பாலும் நாயுருவிக் காரமும் மஞ்சளும் பூசி 21 முறை உலர்த்தப்பட்ட நூல் அது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பல மருத்துவமனைகளில் நடத்தி 1991-இல் வெளியிட்ட ஒப்பீட்டு ஆய்வில், அறுவையைவிடக் குணமாக நாள் அதிகமானாலும் நோய் திரும்ப வருவது குறைவு என்று தெரிந்தது. அந்த ஆய்வு பவுத்திரத்துக்கானது, மூலத்துக்கானது அன்று. விளம்பரங்கள் இந்த வேறுபாட்டைச் சொல்வதில்லை.

ஒரு நூலும் ஒரு கல்லும்

12-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எகிப்தில் வாழ்ந்த யூத அறிஞரும் மருத்துவருமான மைமோனிடிசு, உயர்குடி இளைஞன் ஒருவனுக்காக மூல நோயைப் பற்றி ஏழு அதிகாரங்கள் கொண்ட சிறு நூலை அரபு மொழியில் எழுதினார். மலச்சிக்கலைத் தவிர்ப்பதும் உண்ண வேண்டியவை, தவிர்க்க வேண்டியவை எவை என்று அறிவதும் அதில் முதலிடம் பெற்றன. காரணத்தை அகற்றாமல் முளையை மட்டும் அறுத்தால் வேறு முளை தோன்றும், ஆகவே அறுவை கடைசி வழி என்பது அவர் கருத்து.

அதே காலத்து ஐரோப்பாவில் மக்கள் நம்பியது புனித பியாக்கரை. அயர்லாந்திலிருந்து பிரான்சுக்கு வந்து 7-ஆம் நூற்றாண்டில் மோ நகருக்கு அருகில் துறவியாக வாழ்ந்த அவர், ஒரு கல்லின்மேல் அமர்ந்திருந்தபோது கல் குழைந்து இருக்கையானதாகவும், அதில் அமர்ந்தவர்களின் மூலம் குணமானதாகவும் கதை. மூல நோய்க்கே ‘பியாக்கர் நோய்’ என்று பெயர் வழங்கிற்று. அவர் பெயர் கொண்ட பாரிசு விடுதியின் முன் வாடகைக்குக் கிடைத்த குதிரை வண்டிகளுக்கும் பிரெஞ்சு மொழியில் அப்பெயரே நிலைத்துவிட்டது.

1815 சூன் 18 அன்று வாட்டர்லூ போரில் நெப்போலியன் தோற்றதற்கு மூல நோயால் குதிரையேற முடியாமற்போனதே காரணம் என்று பல நூல்களில் எழுதப்பட்டிருக்கிறது. முதல்நாள் பெய்த மழையால் நிலம் சேறாகிப் பீரங்கிகளை நகர்த்தத் தாமதமானதும், மாலையில் பிரசியப் படை வந்து சேர்ந்ததும் அதைவிட வலுவான காரணங்கள்.

இலண்டனில் ஏழு படுக்கைகள்

1835-இல் பிரடெரிக் சால்மன் என்னும் அறுவை மருத்துவர் இலண்டனின் ஆல்டர்சுகேட்டு தெருவில் ஏழு படுக்கைகள் மட்டுமே கொண்ட ஒரு சிறு மருத்துவமனையைத் தொடங்கினார். பவுத்திரம் முதலிய மலக்குடல் நோய்களால் துன்புறும் ஏழைகளுக்கென்றே ஏற்பட்டது அது. 1854-இல் சிட்டி சாலைக்கு இடம்பெயர்ந்து, புனித மாற்கு திருநாளான ஏப்ரல் 25 அன்று திறக்கப்பட்டதால் செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனை எனப் பெயர் பெற்றது. சால்மனின் நோயாளிகளுள் எழுத்தாளர் சார்லசு டிக்கின்சும் ஒருவர். 1841-இல் அவருக்குப் பவுத்திர அறுவை நடந்தது. ஈத்தர் மயக்கமருந்து 1846-இல்தான் வழக்குக்கு வந்தது. எனவே டிக்கின்சு அதனை முழு நினைவோடுதான் தாங்கினார்.

மயக்கமருந்தும், 1867-இல் இலிஸ்டர் அறிமுகப்படுத்திய நச்சுக்கொல்லி முறையும் வந்தபின் அறுவை மருத்துவர்களுக்குத் துணிவு மிகுந்தது. சிலருக்கு அளவுக்கு மீறியே மிகுந்தது. 1882-இல் மான்செஸ்டரின் வால்டர் ஒயிட்ஹெட் மூலம் தோன்றும் பகுதி முழுவதையும் வளையமாக வெட்டியெடுக்கும் முறையைக் கூறினார். பிறர் கையில் அது குதம் சுருங்குவதற்கும் உட்சவ்வு வெளியே பிதுங்கிக் கசிவதற்கும் இடமளித்தது. அந்தக் கேட்டுக்கு அவர் பெயரே இடப்பட்டது.

ஊசிபோடும் நாடோடிகள்

கத்தியின் மேலிருந்த அச்சம் போலிகளுக்கு வாய்ப்பாயிற்று. 1871-இல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்து மிட்செல் என்பவர் கார்பாலிக் அமிலத்தை ஆலிவ் எண்ணெயில் கலந்து மூலத்துக்குள் ஊசியாகப் போடத் தொடங்கினார். முறையை வெளியிடாமல் இரகசியமாக வைத்து, பணம் கொடுத்தவர்களுக்கு விற்றார். வாங்கியவர்கள் ஊர் ஊராகச் சுற்றும் ‘மூல வைத்தியர்’ ஆனார்கள். சிகாகோவின் அறுவை மருத்துவர் எட்மண்ட் ஆண்ட்ரூஸ் இந்த இரகசியத்தைத் தேடிக் கண்டுபிடித்து, 3,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளைப் பற்றிய செய்திகளைத் திரட்டி வெளியிட்டார். அவற்றுள் கடும் வலி, திசு அழுகல், சில சாவுகளும் இருந்தன. இதில் விந்தை என்னவென்றால், முறை அடிப்படையில் தவறன்று. மருந்தின் அளவைக் குறைத்து, சரியான இடத்தில், சரியான ஆழத்தில் செலுத்தியபோது அதுவே ஏற்றுக்கொள்ளப்பட்ட சிகிச்சையாயிற்று. இரகசியமும் பயிற்சியின்மையுமே கொன்றன.

தமிழ்நாட்டில் பேருந்து நிலையச் சுவர்களிலும் இருப்புப்பாதையோரச் சுவர்களிலும் ‘மூலம், பவுத்திரம், ஆபரேஷன் இல்லாமல்’ என்று எழுதியிருப்பதைக் காணாதவர் இலர். இத்தகைய இடங்களில் பெயர் தெரியாத நீர்மத்தை ஊசியில் ஏற்றிக்கொண்டோ காரம் வைத்துக்கொண்டோ, குதம் சுருங்கியும் திசு அழுகியும் மருத்துவமனைக்கு வருவோரைப் பற்றி இந்திய அறுவை மருத்துவர்கள் எழுதியுள்ளனர்.

கட்டியா, மெத்தையா?

1937-இல் செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனையின் மில்லிகனும் மார்கனும் மூன்று முளைகளை மட்டும் அகற்றி, இடையே தோலையும் சவ்வையும் விட்டுவைக்கும் அறுவையை விவரித்தனர். குதம் சுருங்கும் இடர் பெரிதும் நீங்கியது. இன்றும் முற்றிய மூலத்துக்கு அதுவே அளவுகோல். 1963-இல் டெட்ராய்டின் பாரன் சிறிய இரப்பர் வளையத்தை மூலத்தின் அடியில் மாட்டும் முறையை வெளியிட்டார். குருதியோட்டம் நின்று சில நாட்களில் அது உதிர்ந்துவிடும். ஆசனவாய்க் குழாயின் நடுவே பல்வரிசைபோன்ற ஒரு கோடு உண்டு. அதற்கு மேலே உள்ள சவ்வுக்குக் கூர்மையான வலியுணர்வு இல்லை, கீழே உள்ள தோலுக்கு மிகுதி. வளையத்தைக் கோட்டுக்கு மேலே மாட்டுவதால்தான் மயக்கமருந்தின்றி வெளிநோயாளியாகவே இதைச் செய்ய முடிகிறது. கிரேக்கரின் கம்பளி நூற்கட்டு வலித்ததற்கும் இந்த வளையம் அவ்வளவாக வலிக்காததற்கும் இடையே இருப்பது அந்த ஒரு கோடுதான்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய மாற்றம் 1975-இல் நிகழ்ந்தது. அதுவரை மூலம் என்பது காலில் வரும் நரம்புச்சுருட்டுப் போல விரிந்துபோன சிரை என்றே பாடநூல்கள் கூறின. பிரித்தானிய மருத்துவர் தாம்சன் உடற்கூறு ஆய்வுகளின் மூலம் வேறொன்றைக் காட்டினார். குருதி நாளங்களும் தசைநாரும் இணைப்புத்திசுவும் சேர்ந்த மூன்று மெத்தைகள் ஒவ்வொருவருக்கும் பிறவியிலேயே உண்டு. இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் முன்னும் பின்னுமாக இரண்டு. ஆசனவாயை நீர் கசியாமல் மூடிவைப்பது அவற்றின் வேலை. முக்கிமுக்கி மலம் கழிப்பதாலும் வயதாவதாலும் அவற்றைப் பிடித்திருக்கும் நார்கள் தளரும்போது மெத்தைகள் கீழே சரிகின்றன. அதுவே மூல நோய். கசியும் குருதி பளிச்சென்ற சிவப்பாக இருப்பதும், அங்கே தமனியும் சிரையும் நேராக இணைந்திருப்பதால்தான்.

சுசுருதர் முதல் ஒயிட்ஹெட் வரை அனைவரும் முளைத்த வேண்டாத பொருளாகக் கண்டது, உண்மையில் இடம்நழுவிய உறுப்பு. அதை முற்றிலும் அழித்தால் மலக்கட்டுப்பாடு குறையும் என்பதும் இதனால் விளங்கியது. எல்லாவற்றையும் அகற்றாதே, ஒன்றை விட்டுவை என்ற கிரேக்கரின் எச்சரிக்கை, அவர்கள் சொன்ன காரணத்துக்காக அல்லாமல் வேறு காரணத்துக்காகச் சரியாக அமைந்துவிட்டது.

1998-இல் இத்தாலியின் இலாங்கோ, சரிந்த மெத்தையை வெட்டாமல் மேலே இழுத்துத் தைக்கும் கருவியை அறிமுகப்படுத்தினார். வலி குறைவு என்பதால் உலகெங்கும் பரவியது. ஆனால் பிரித்தானியாவில் 777 நோயாளிகளிடம் நடத்தி 2016-இல் வெளியிட்ட ஆய்வு, நீண்டகால நோக்கில் பழைய அறுவையே மேல் என்று கண்டது.

தடுப்பும் இன்றைய சிகிச்சையும்

உகாண்டாவில் பணியாற்றிய அறுவை மருத்துவர் டெனிஸ் பர்கிட், அங்குள்ள கிராம மக்களிடம் மூலம், மலச்சிக்கல் போன்றவை அரிதாக இருப்பதைக் கண்டு, 1970களில் நார்ச்சத்துக் குறைந்த மேலைநாட்டு உணவே அவற்றுக்குக் காரணம் என்று எழுதினார். அவருடைய முடிவுகள் முழுவதும் நிலைக்கவில்லை. ஆனால் பின்னர் நடந்த ஒப்பீட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், நார்ச்சத்தைக் கூட்டினால் மூலக் குருதிக்கசிவு ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது என்று தெரிந்தது. நாளொன்றுக்கு 25 முதல் 30 கிராம் நார்ச்சத்து வேண்டும். தீட்டிய வெள்ளரிசிச் சோறும் நீர்த்த சாம்பாரும் மட்டும் உண்பவருக்கு அதில் பாதி கிடைப்பதே கடினம். கீரை, அவரை, கொத்தவரை, முழுப்பயறு, சிறுதானியம், கொய்யா ஆகியவை தட்டில் இடம்பெற வேண்டும். கூடவே தண்ணீரும் வேண்டும், நீரின்றி நார் மட்டும் சேர்த்தால் மலம் இறுகும்.

மலம் வரும் உணர்வை அடக்கக் கூடாது, வராதபோது முக்கக் கூடாது, கழிப்பறையில் சில நிமிடங்களுக்கு மேல் அமரக் கூடாது. போஸ்டன் மருத்துவமனை ஒன்றில் 125 பேரிடம் நடத்தி 2025-இல் வெளியான ஆய்வில், கழிப்பறையில் கைப்பேசி பார்ப்பவர்களுக்கு மூலம் இருக்கும் வாய்ப்பு 46 விழுக்காடு கூடுதலாகக் காணப்பட்டது. கைப்பேசிதான் காரணம் என்று இவ்வாய்வு மெய்ப்பிக்கவில்லை. ஆனால் கைப்பேசியோடு போனவர்கள் கூடுதல் நேரம் உட்கார்ந்திருந்தனர் என்பது தெரிந்தது.

மருத்துவர்கள் உள்மூலத்தை நான்கு படிகளாகப் பிரிக்கின்றனர். குருதி மட்டும் கசிவது முதற்படி. வெளியே வந்து தானே உள்ளே போவது இரண்டாவது, கையால் தள்ள வேண்டியது மூன்றாவது, தள்ளினாலும் போகாதது நான்காவது. முதலிரு படிகளில் உணவு மாற்றமும், தேவைப்பட்டால் ஊசியோ இரப்பர் வளையமோ பெரும்பாலோர்க்குப் போதும். அறுவை வேண்டியிருப்பது சிறுபான்மையினருக்கே. வெதுவெதுப்பான நீரில் 10, 15 நிமிடம் அமர்வது வலியையும் அரிப்பையும் தணிக்கும். களிம்புகளும் தற்காலிகமாகத் தணிப்பவையே. வெளிமூலத்தில் குருதி உறைந்து திடீரெனக் கடும் வலியோடு கட்டி தோன்றினால், முதல் மூன்று நாட்களுக்குள் சென்றால் சிறு அறுவையால் உடனே தீர்க்கலாம். அதற்குப் பிறகு வலி தானே குறையத் தொடங்குவதால் பெரும்பாலும் காத்திருக்கவே சொல்வர். கருவுற்ற பெண்களுக்கு வரும் மூலம் பெரும்பாலும் மகப்பேற்றுக்குப் பின் அடங்கிவிடும்.

குருதி கண்டவுடன் மூலம் என்று தாமே முடிவு செய்துகொள்வது மட்டும் ஆபத்தானது. பெருங்குடல், மலக்குடல் புற்றுநோயும் முதலில் இதே போலக் குருதியாகவே வெளிப்படலாம். மலத்தோடு கலந்து வரும் குருதி, கருத்த மலம், மலம் கழிக்கும் பழக்கத்தில் வாரக்கணக்கில் நீடிக்கும் மாற்றம், கழித்த பின்னும் மீதமிருப்பது போன்ற உணர்வு, காரணமற்ற எடைக்குறைவு, சோகை, குடும்பத்தில் எவருக்கேனும் குடற்புற்று இருந்திருத்தல் ஆகியவற்றுள் ஒன்று இருந்தாலும், அல்லது 45 வயதைக் கடந்தபின் முதன்முறையாகக் குருதி கண்டாலும், இலேகியத்தையோ களிம்பையோ தேடுமுன் சோதனை செய்துகொள்ள வேண்டும். ஒருவருக்கு மூலமும் புற்றும் ஒருங்கே இருப்பதுண்டு. மூலம் இருப்பது கண்ணுக்குத் தெரிவதாலேயே உள்ளே இருப்பது தேடப்படாமல் போவதும் உண்டு. மலக்குடல் புற்றுகளுள் கணிசமானவை மருத்துவரின் விரல் எட்டும் தொலைவிலேயே தோன்றுகின்றன. கையுறையணிந்து விரலால் சோதித்து, அர்சோயந்திரத்தின் வழித்தோன்றல் போன்ற ஒரு சிறு குழாயைச் செலுத்திப் பார்ப்பதற்கு ஆகும் நேரம் ஐந்து நிமிடத்துக்கும் குறைவு.